கடைக்குட்டியை வைத்து மலையைத் தேர்ந்தெடுங்கள்!

நான், 38 வயது இல்லத்தரசி. பிளஸ் 2 வரை படித்தவள். ஈரோட்டில் வசிக்கிறோம். என் வீட்டுக்காரர், ஜமக்காளம், பெட்ஷீட் மொத்த வியாபாரம் செய்கிறார். மகன், மகள் என, இரண்டு பிள்ளைகள். மாமியாரும் எங்களோடு தான் இருக்கிறார்.

'பனியில் சறுக்கி விளையாடப் போகிறோம்...' என்று சொன்னால், எங்கள் தெருவில் சிரிப்பார்கள். ஈரோட்டு வெயிலில் வேகும் நமக்கு, ஐஸ் என்றால், பிரிட்ஜுக்குள் இருப்பது தானே! ஆனால், இப்போது நம் பக்கத்து குடும்பங்களும், பிள்ளைகளை அழைத்துக் கொண்டு பனிமலைக்குப் போய் வருகின்றன. எங்களுக்கும், 2024 பிப்ரவரியில் அந்த வாய்ப்பு கிடைத்தது. போய் வந்த கதையை விட, 'எந்த ஊருக்குப் போவது' என்று முடிவு செய்த கதை தான் பெரிசு. அதில் நான் கற்றுக் கொண்டது, உங்களில் யாருக்காவது உதவும் என்று தான் இதை எழுதுகிறேன்.

நான்கு ஆண்டுகள் கட்டிய சீட்டு, அந்த சமயம் எங்கள் கைக்கு வந்தது. மகன் அப்போது ஆறாம் வகுப்பு; மகளுக்கு 5 வயது. 'எட்டாங்கிளாஸ் வந்துட்டா டியூஷன், பரீட்சைன்னு எங்கேயும் நகர முடியாது. இப்பவே போயிட்டு வந்துடுவோம்...' என்றார், என் வீட்டுக்காரர். பனியில் ஸ்கீ கற்றுக் கொள்ள வேண்டும் என்பது, மகனின் வெகு நாள் ஆசை.

என் வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர், காஷ்மீரில் உள்ள குல்மார்க் போய் வந்து, செல்போனில் வீடியோ காட்டியிருந்தார். 'கோண்டோலா' எனும் ரோப் காரில், இரண்டாவது கட்டம் வரை ஏறி, அபர்வத் மலையில் நின்று கை அசைக்கிறார் அவர். அதைப் பார்த்ததிலிருந்து, 'போனா அந்த உச்சிக்குத் தான் போகணும்...' என்று, பிடிவாதமாக நின்றார், என் வீட்டுக்காரர். எந்த ஊர், எந்த ஓட்டல், எத்தனை நாள் என்று, எல்லாவற்றையும் அந்த ஒரு வீடியோவை வைத்தே முடிவு செய்து விட்டார். என்னிடம் சொன்னது, 'துணிமணி எடுத்து வெச்சுடு' என்பது மட்டும் தான்.

எனக்கோ அடி வயிற்றில் ஒரு பயம். அதற்குக் காரணம் உண்டு.

என் மகளுக்கு, கைக்குழந்தையாக இருந்தபோதே வீசிங் தொந்தரவு. அவளுக்கு 2 வயது இருக்கும்போது, ஒரு மலை ஊருக்குப் போயிருந்தோம். 'வ்யூ நல்லாருக்கும்' என்று, ஊரை விட்டுத் தள்ளி, உச்சியில் இருந்த விடுதியில் ரூம் போட்டோம். நடுராத்திரியில் குழந்தைக்கு மூச்சு இழுத்துக் கொண்டது. உதடு நிறம் மாறி விட்டது. அந்த இருட்டில் ஜீப் பிடித்து, வளைந்து வளைந்து இறங்கி, ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. மடியில் அவள் நெஞ்சு மேலும் கீழும் ஏறி இறங்கியதை, நான் இந்த ஜென்மத்துக்கு மறக்க மாட்டேன்.

அதனால், 'ஊரை நான் பார்த்து சொல்றேனுங்க. அதுக்கப்புறம் டிக்கெட் போடுங்க...' என்றேன். 'உனக்கு என்ன தெரியும்?' என்றார். இரண்டு நாள் பேச்சுவார்த்தையே இல்லை. சாப்பாடு தட்டில் விழும் சத்தம் மட்டும் தான்.

மாமியார் தான் நடுவில் வந்தார். 'இந்த வயசுல பனியில போயி சறுக்கி விழோணுமா கண்ணு... விழறதுக்கு நம்ம பாத்ரூம் போதாதா?' என்று கேலி செய்தவர், பிறகு மகனிடம், 'புள்ளைக்கு மூச்சு வாங்குனா, ராத்திரி முழிச்சு உக்காரப் போறவ அவ தானே... அவளும் ஒரு வார்த்தை சொல்லட்டும்' என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக, அத்தைக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில், மகளைக் குழந்தை டாக்டரிடம் அழைத்துப் போனேன். 'போகவே கூடாதுன்னு சொல்ல மாட்டேம்மா. ஆனா, குளிர்ந்த காய்ஞ்ச காத்து, இந்தக் குழந்தைகளுக்கு மூச்சுக்குழலைச் சுருக்கிடும். தினசரி எடுக்கற மருந்தை ஒரு நாள் கூட விடக்கூடாது. அவசரத்துக்கு எடுக்கற பப்பும், ஸ்பேசரும் பெட்டியில போடாம, உங்க கையிலயே இருக்கணும். ஒரே நாள்ல உயரத்துக்கு ஏறாதீங்க...' என்றார்.

வீட்டுக்கு வந்து, மகனின் பழைய ரப் நோட்டில், ஐந்து கேள்விகள் எழுதினேன்.

ஒன்று: ராத்திரி எந்த உயரத்தில் தூங்கப் போகிறோம்?

இரண்டு: பயணம் எத்தனை மணி நேரம்? ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

மூன்று: முதல் முறை கால் வைக்கும் பிள்ளைக்கு, சாய்வு குறைந்த இடமும், சொல்லித் தர ஆளும் உண்டா?

நான்கு: சறுக்காமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, அங்கு என்ன இருக்கிறது?

ஐந்து: நாம் போகும் தேதியில் பனி இருக்குமா?

இந்த ஐந்து கேள்விகளையும், மூன்று ஊர்களுக்குப் போட்டுப் பார்த்தேன்... உத்தரகண்டில் உள்ள அவுலி, மணாலி பக்கத்தில் உள்ள சோலங், காஷ்மீரின் குல்மார்க். மகன் செல்போனில் தேடிக் கொடுத்தான். நான் ஓட்டல்காரர்களுக்கும், டாக்சிக்காரர்களுக்கும் போன் செய்து, தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டுக் கேட்டு எழுதினேன்.

அவுலியில் சரிவுகள் அழகானவை. அரசு சுற்றுலாக் கழகமே ஸ்கீ பயிற்சி வகுப்பு நடத்துகிறது. ஆனால், ரிஷிகேஷிலிருந்து அடிவாரமான ஜோஷிமட்டுக்கு, 250 கி.மீ., மலைப்பாதை, ஒரு பகல் முழுக்க வண்டி தான். போதாக்குறைக்கு, 2023 ஜனவரியில், ஜோஷிமட் ஊரே நிலம் அமுங்கி, வீடுகள் எல்லாம் விரிசல் விட்டன. அங்கிருந்து அவுலிக்குப் போகும், 4 கி.மீ., ரோப் காரையும் அப்போது நிறுத்தி விட்டனர். கார் ஏறினாலே வாந்தி எடுக்கும் பிள்ளையை வைத்துக் கொண்டு நமக்கு இது சரிப்படாது என்று, அதை அடித்து விட்டேன்.

அடுத்து, சோலங். மணாலியிலிருந்து, 13 கி.மீ., தான். இதில் ஒரு நல்ல விஷயம்... மணாலி டவுன், சுமார் 6,700 அடி உயரம். நம் கொடைக்கானலை விடக் கொஞ்சம் தணிவு. அங்கு தூங்கி விட்டு, காலையில் சோலங் போய் விளையாடி, சாயங்காலம் இறங்கி விடலாம். மணாலியில் ஆஸ்பத்திரி, மருந்துக் கடை எல்லாம் பக்கத்திலேயே உண்டு. ஆனால், டில்லியிலிருந்து ராத்திரி பஸ்சில், 12 மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். முந்தைய ஜூலை வெள்ளத்தில், குல்லு - மணாலி சாலை பல இடங்களில் அடித்துப் போயிருந்ததால், இன்னும் வேலை நடக்கிறது என்றனர். மகளின் வாந்தியை நினைத்துத் தயங்கினேன்.

மூன்றாவது, குல்மார்க். ஸ்ரீநகர் வரை விமானம். அங்கிருந்து 50 கி.மீ., சொச்சம் தான். ஆனால், ஊரே சுமார், 8,700 அடியில் இருக்கிறது. நம் ஊட்டி தொட்டபெட்டா சிகரம் இருக்கிறதே, கிட்டத்தட்ட அதே உயரம்! நாம் பத்து நிமிஷம் நின்று போட்டோ எடுத்து விட்டு இறங்கும் உயரத்தில், அங்கே ராத்திரி தூங்க வேண்டும். கோண்டோலாவின் முதல் கட்டமே, 10,000 அடியைத் தொட்டு விடுகிறது. என் வீட்டுக்காரர் ஆசைப்பட்ட இரண்டாவது கட்டமோ, சுமார் 13,000 அடி.

இந்தக் கணக்கை, தொட்டபெட்டாவோடு ஒப்பிட்டு எழுதிக் காட்டியபோது தான், முதன் முறையாக, அவர் முகம் மாறியது. 'அந்த வீடியோவுல இது ஒண்ணும் தெரியலையே...' என்றார்.

வீடியோவில் உயரம் தெரியாது, சகோதரிகளே... மூச்சு வாங்குவதும் தெரியாது!

ஆனால், குல்மார்க்கில் ஒரு நன்மையும் இருந்தது. ஊரின் நடுவே, கிண்ணம் போல பரந்த புல்வெளி. கோடையில் கோல்ப் ஆடும் மைதானம், குளிர்காலத்தில் வெள்ளையாகி விடுகிறது. அதன் ஓரத்துச் சின்னச் சரிவுகளில் தான், புதிதாகக் கற்பவர்கள் பழகுவர். கோண்டோலா ஏறத் தேவையே இல்லை. 13 கி.மீ., கீழே, தங்மார்க் என்ற சிற்றூர். உயரம் குறைவு, அங்கே அரசு ஆஸ்பத்திரியும் உண்டு. 'தங்மார்க்கில தங்குவோம், காலையில மேல போவோம், சாயங்காலம் இறங்கிடுவோம்' என்றேன். அவர் ஆசைக்குக் குல்மார்க். என் பயத்துக்குத் தங்மார்க். இப்படித் தான் சமாதானம் ஆனோம்.

மிச்சம் இருந்தது, ஐந்தாவது கேள்வி... தேதி!

நம் பள்ளிகளுக்கு, அரையாண்டு லீவு டிசம்பர் கடைசியில். அப்போது காஷ்மீரில், 'சில்லாய் கலான்' எனும், 40 நாள் கடுங்குளிர் ஆரம்பம். குளிர் நிச்சயம், பனி நிச்சயம் இல்லை. ரூம் வாடகையும் எகிறி விடும். முழுப் பரீட்சை லீவுக்குப் போனாலோ, ஊருக்குள் பனி உருகி, மலை உச்சியில் தான் மிச்சம் இருக்கும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம், 2024 பொங்கல் லீவில் குல்மார்க் போனது. அந்த ஆண்டு, ஜனவரி கடைசி வரை, அங்கே பனியே சரியாக விழவில்லை. பழுப்பாகக் காய்ந்து கிடந்த புல்லின் மேல் நின்று, வாடகைக்கு எடுத்த பூட்சோடு போட்டோ எடுத்துக் கொண்டு திரும்பினர், பாவம்! நாங்கள் பிப்ரவரி இரண்டாவது வாரம் என்று வைத்திருந்தோம். மகனின் கிளாஸ் டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லி, ஒரு வாரம் லீவு வாங்கினேன். ஓட்டலில், தேதியை மாற்றினால் பணம் போகாது என்று கேட்டுக் கொண்டு தான், முன்பணம் கட்டினேன். நல்ல வேளையாக, ஜனவரி கடைசி நாட்களில் பனி கொட்டத் துவங்கியது. டாக்சி டிரைவரே, 'அம்மா, பனி வந்துவிட்டது. வாங்க' என்று போன் செய்தார்.

கோவையிலிருந்து டில்லி, அங்கிருந்து ஸ்ரீநகர். முதல் ராத்திரி, ஸ்ரீநகரிலேயே தங்கினோம். 5,200 அடி தான். ஊட்டியை விடத் தணிவு. மறுநாள் தங்மார்க். அங்கு, பூட்ஸ், கோட்டு எல்லாம் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஈரோட்டிலிருந்து மூட்டை கட்டத் தேவை இல்லை. பனி அதிகம் இருந்தால், அங்கிருந்து மேலே, டயரில் சங்கிலி மாட்டிய வண்டிகள் தான் போகின்றன.

ஓட்டலில், ரூமைச் சூடாக்க விறகு அடுப்பு மூட்ட வந்தனர். 'வேண்டாம்பா... குழந்தைக்குப் புகை ஆகாது' என்று சொல்லி, மின்சாரப் போர்வை கேட்டு வாங்கினேன். வீசிங் இல்லாத வீட்டுக்காரர்களும் இதைக் கவனியுங்கள்... மூடிய ரூமில், கரி நெருப்பை வைத்துக் கொண்டு தூங்கவே கூடாது. அது உயிருக்கே ஆபத்து!

முதல் நாள், புல்வெளிச் சரிவில், மகனுக்கு ஒரு காஷ்மீரி அண்ணன் ஸ்கீ சொல்லிக் கொடுத்தார். முதல் பாடம், சறுக்குவது இல்லை; விழுவது! பக்கவாட்டில் உட்கார்ந்த மாதிரி விழ வேண்டும். பிறகு எழுந்து கொள்ள வேண்டும். அடுத்து, நிற்பது. இரண்டு பலகைகளின் முன்நுனியையும் நெருக்கி, பின்பக்கத்தை அகட்டினால், வேகம் குறையும். 'பீட்சா துண்டு மாதிரி வை' என்று அவர் சொன்னதும், மகனுக்கு உடனே புரிந்து விட்டது! சாயங்காலத்துக்குள், இருபது முறையாவது விழுந்து, இருபத்தோராம் முறை தானாகவே வந்து நின்றான். அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்கணுமே!

மகள், ஸ்லெட்ஜில் ஏறி, 'இன்னொரு தபா... இன்னொரு தபா' என்று ஒரே ரகளை. மூக்கையும் வாயையும் மப்ளர் சுற்றி மறைத்து, அரை மணிக்கு ஒரு முறை உள்ளே அழைத்துப் போய், வெந்நீர் கொடுத்தேன்.

நான்? பெஞ்சில் உட்கார்ந்து, நாலு பேரின் பை, கிளவுஸ், வாட்டர் பாட்டில் எல்லாவற்றுக்கும் காவல். எந்த ஊர் போனாலும், நமக்குக் கிடைக்கும் வேலை அது தானே!

மூன்றாம் நாள் காலையில் தான், எனக்குத் தெரியாமல், நான்கு பேருக்கும் இரண்டு கட்ட கோண்டோலாவுக்கும், டிக்கெட் போட்டு வைத்திருந்தது தெரிந்தது. 'இவ்வளவு தூரம் வந்துட்டு... பாப்பாவும் நல்லாத் தானே இருக்கா' என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும், சண்டை போட்டு நாளைக் கெடுக்க வேண்டாம் என்று, 'முதல் கட்டம் வரை பார்ப்போம்' என்றேன்.

முதல் கட்டத்தில் இறங்கியதும், முகத்தில் அறைந்தது காற்று. பத்து நிமிஷம் கூட ஆகி இருக்காது... மகள் இருமத் துவங்கினாள். அந்த இருமலை எனக்குத் தெரியும். கோட்டுக்குள் காதை வைத்துக் கேட்டேன். நெஞ்சில் சன்னமாக விசில் சத்தம்.

பப்பை என் கோட்டின் உள் பாக்கெட்டில், உடம்புச் சூட்டிலேயே வைத்திருந்தேன். சில்லிட்டுப் போனால், அது சரியாக வேலை செய்யாதாம். ஸ்பேசரை வைத்து, மருந்து கொடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால், என் வீட்டுக்காரர், இரண்டாம் கட்ட டிக்கெட்டைக் கையில் வைத்தபடி நிற்கிறார். பின்னால், மேலே போகும் வரிசை நகர்ந்து கொண்டிருந்தது.

ஒன்றும் பேசவில்லை. டிக்கெட்டை மடித்துப் பாக்கெட்டில் வைத்தார். மகளைத் தூக்கித் தோளில் போட்டு, தன் கோட்டால் மூடினார். 'வாம்மா... இறங்கலாம்' என்றார். மகன், 'அப்பா, மேல...' என்று கண் கலங்கினான். 'மலை எங்கேயும் ஓடிடாது தம்பி. இன்னொரு தபா வரலாம்' என்றார்.

கீழே இறங்கி, ஒரு டீக்கடையின் கதகதப்பில் உட்கார்ந்தோம். அரை மணி நேரத்தில், விசில் அடங்கி விட்டது. மகள், பிஸ்கட் கேட்டாள்! அப்போது தான் எனக்கு மூச்சே வந்தது. நினைத்துப் பார்த்தேன்... இருப்பது 13,000 அடியாக இருந்து, காற்று அதிகமாகி ரோப் காரையும் நிறுத்தி இருந்தால்? அதற்கு மேல் நினைக்கவே பிடிக்கவில்லை.

குங்குமப்பூ போட்ட, 'கவா' எனும் டீயை உறிஞ்சியபடி, என் வீட்டுக்காரர் சொன்னார்... 'நான் பாப்பாவைப் பார்த்துக்கறேன். பையெல்லாம் இங்க வெச்சுட்டு, நீ தம்பி கூட போயி ஸ்கீ பழகு.'

'நானா? போங்க... இந்த உடம்பை வெச்சுக்கிட்டா?' என்றேன். 'அம்மா, ப்ளீஸ்' என்று கையைப் பிடித்து இழுத்தான், மகன்.

சுடிதாருக்கு மேல் வாடகைக் கோட்டு, காலில் கல் போல கனக்கும் பூட்ஸ், ஆறு அடிப் பலகைகளாகத் தோன்றிய அந்த ஸ்கீ. முதல் அடியிலேயே விழுந்தேன், சிரித்தேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். 'பீட்சா வைங்கம்மா... பீட்சா' என்று, மகன் எனக்குப் பாடம் நடத்தினான். கடைசியில், ஒரு இருபது அடி தூரம், விழாமல் வழுக்கி வந்து நின்றேன். இருபது அடி தான். ஆனால், ஸ்கூலில் கோகோ ஆடிய பிறகு, என் உடம்பு அப்படி ஓடியது, அன்றைக்குத் தான். தூரத்தில் டீக்கடை வாசலில், என் மகள் கை தட்டியது தெரிந்தது.

ஊர் திரும்பிய மறு வாரம், பேப்பரில் ஒரு செய்தி... அந்த பிப்ரவரி 22ம் தேதி, குல்மார்க்கின் மேல் மலைச் சரிவில் பனிச்சரிவு ஏற்பட்டு, வெளிநாட்டு ஸ்கீ வீரர் ஒருவர் இறந்து விட்டார். புதிதாகக் கற்பவர்கள் பழகும் இடத்தில் அல்ல; மேலே, தேர்ந்தவர்கள் போகும் பகுதியில் நடந்தது. என் வீட்டுக்காரர், அந்தப் பக்கத்தை மடித்து, என்னிடம் நீட்டினார். 'நீ எழுதின நோட்டைத் தூக்கிப் போட்டுடாதே. அடுத்த தபாவும் வேணும்' என்றார். மன்னிப்பு கேட்டது போலவே இருந்தது, எனக்கு.

சகோதரிகளே... போக நினைப்பவர்களுக்கு, என் அனுபவத்தில் சில வார்த்தைகள்:

* மலையின் உயரத்தையோ, பேரையோ பார்க்காதீர்கள். வீட்டில் யாருக்கு உடம்பு பலவீனமோ, அவரை வைத்து ஊரைத் தேர்ந்தெடுங்கள். மற்றவர்களுக்கு அங்கே சந்தோஷம் தானாகக் கிடைக்கும். வீசிங், இதயக் கோளாறு உள்ள பிள்ளைகள் என்றால், முதலில் உங்கள் டாக்டர். பிறகு தான் டிக்கெட்.

* தூங்கும் இடம் தணிவாக இருக்கட்டும். தலைவலி, வாந்தி, சோர்வு என்று பிள்ளை சொன்னால், 'பஸ்சில் வந்த அலுப்பு' என்று விட்டு விடாதீர்கள், கீழே இறங்குங்கள்.

* காட்டன் பனியன் வேண்டாம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகி, அதுவே குளிர வைத்து விடும். உடம்போடு ஒட்டிய தெர்மல், மேலே கம்பளி, அதற்கு மேல் நனையாத கோட்டு என, அடுக்கடுக்காகப் போடுங்கள். பனியில் வெயில் பட்டுக் கண் கூசும். பிள்ளைகளுக்குக் கறுப்புக் கண்ணாடி அவசியம்.

* பிள்ளைகளின் கிளவுஸ் நனைந்து கொண்டே இருக்கும். ஆளுக்கு ரெண்டு ஜோடி எடுத்துப் போங்கள்.

* நாங்கள் போனபோது, நம் ஊர் பிரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யவில்லை. போஸ்ட்பெய்டு தான் எடுத்தது. அவசரத்துக்கு டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்றால், இது பெரிய விஷயம். முன்பே விசாரித்துக் கொள்ளுங்கள்.

* ஸ்லெட்ஜ் இழுப்பவர், வழிகாட்டி யாராக இருந்தாலும், எத்தனை ரூபாய், எவ்வளவு நேரம் என்று பேசி விட்டு ஏறுங்கள்.

2025 ஏப்ரல் 22ல், பஹல்காமில், 26 பேரைச் சுட்டுக் கொன்ற கொடுமைக்குப் பின், 'காஷ்மீருக்கா... பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டா?' என்று பலர் கேட்கின்றனர். அந்தக் குடும்பங்களை நினைத்தால், இப்போதும் நெஞ்சு கனக்கிறது. எங்களுக்கு வண்டி ஓட்டிய டிரைவர், அன்று போன் செய்து, வார்த்தை வராமல் அழுதார். போவதா, வேண்டாமா என்பதை, அன்றைய நிலவரமும், அரசு அறிவிப்பும் பார்த்து, அவரவர் தான் முடிவு செய்ய வேண்டும். மனசு ஒப்பாதவர்களுக்கு, மணாலி - சோலங் இருக்கவே இருக்கிறது. என் ஐந்து கேள்விகள், எந்த மலைக்கும் பொருந்தும்.

கடைசியாக ஒன்று... 'உனக்கு என்ன தெரியும்' என்று சொன்னால், முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டு, துணி மடிக்கப் போய் விடாதீர்கள். பிள்ளையின் இருமலில், எது சளி இருமல், எது மூச்சு இருமல் என்று தெரிந்தவர்கள் நாம். அந்த ஞானம், எந்த வீடியோவிலும் கிடையாது. ஒரு நோட்டும், பேனாவும் எடுத்து, கேள்வியை எழுதுங்கள். எழுதிக் காட்டினால், வீட்டில் கேட்பார்கள். என் வீட்டில் கேட்டனர்.

அப்படியே, போன இடத்தில், பைகளை யாரிடமாவது கொடுத்து விட்டு, நீங்களும் ஒரு இருபது அடி சறுக்கிப் பாருங்கள்!

— ஓர் இல்லத்தரசி, ஈரோடு.